அடங்கலில் ஏறாத பயிர்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறும் உல்லாசப் பிரயாணிகளில் அநேகர், டம்டம் பாறையில் இறங்கி எதிரே விழும் எலிவால் அருவியைப் படம் பிடித்துக்கொண்டு, மறுபடி மோட்டாரில் ஏறினால் ஏரிக்கரையில்தான் கண் திறப்பார்கள். நடுவில் ஊத்து என்னும் இடத்தில் ஒரு கிளைப் பாதை பிரிந்து போவதை அவர்கள் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அந்தப் பாதையில் படகும் கிடையாது. சவாரிக் குதிரையும் கிடையாது. பண்ணைக்காடும், அதற்கப்பால் தாண்டிக்குடியுந்தான் இருக்கின்றன.

சென்ற தை மாதத்தில் நாம் அந்தப் பாதையில் போனோம். சுப்பிரமணிய சிவாவும் ராஜமையரும் பிறந்த வத்தலக்குண்டைக் கடக்கும்போது அவ்விருவரையும் நினைக்காமல் போவது உபாத்தியாயர்களுக்கு அழகல்லவாகையால், ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டோம். மற்றபடி நம்முடைய பிரயாணத்தில் தேசபக்தியோ இலக்கியமோ ஒன்றும் இல்லை. நம்மிடம் முன்பு படித்த பையன் ஒருவன், "அம்மா பேரில் இருக்கும் நிலத்துக்கு அடங்கல் வாங்கி வைத்திருக்கிறேன், ஸார். சரியாயிருக்கிறதா என்று நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தான். அதற்காகப் போனோம்.

அடங்கல் என்றால் இன்னதென்று பட்டணவாசிகளான நேயர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். எந்தச் சர்வே நம்பரில், யாருடைய நிலத்தில், எந்தப் பசலியில், என்ன பயிர் நின்றது என்று கிராமத்தில் எழுதி வைக்கும் கணக்கு அது. கர்ணம் உத்தியோகம் 1980-ஆம் வருஷத்தோடு எடுபட்டுப் போயிற்று. கர்ணம் எழுதிவந்த கணக்கு எடுபடவில்லை. கிராம நிர்வாக அதிகாரி இன்றும் அதை எழுதுகிறார். பண்ணைக்காட்டு அடங்கலைப் புரட்டினால் அந்த மலையின் சரித்திரமே அதில் கிடக்கிறது: காப்பி, காப்பிக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தில் படர்ந்த மிளகு, மலை வாழை, கமலா ஆரஞ்சு, எலுமிச்சை, சௌசௌ, இப்போது புதிதாக வெண்ணெய்ப் பழம்.

ஆனால் இந்தப் பழனி மலைத்தொடரிலும், அதை அடுத்த மலைகளிலும், எந்தக் காலத்திலும் எந்த அடங்கலிலும் ஏறாமல் வளர்ந்த பயிர் ஒன்று உண்டு. நம்மை வரச் சொன்ன பையனுடைய குடும்பம் அதனாலேதான் ஒரு சமயம் சிதறிப் போயிற்று. அந்தப் பயிர் கஞ்சா.

கஞ்சாவைப் பற்றி எழுதுவதென்றால் நம்மவரில் சிலருக்கு முகம் சுளிக்கும். வேறு சிலருக்குக் குறும்புப் புன்னகை வரும். இரண்டும் இந்த விஷயத்துக்குப் போதா. செடி நம்முடையது. ஸொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடியைப் பார்த்துத்தான் 1785-இல் லாமார்க் என்ற சாஸ்திரி அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து நாமகரணம் செய்தார். வடக்கே சிவராத்திரியன்று அதன் இலையை அரைத்துப் பாங்கு என்று பருகுகிறார்கள். சித்த வைத்தியர்களின் லேகியங்கள் சிலவற்றில் அது சேருகிறது. கல்கத்தாவில் ஒஷாநெஸி என்ற டாக்டர் 1839-இல் அதை வலிப்புக்கும் வேறு நோய்களுக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார். மேல்நாட்டு வைத்தியம் அதைக் கவனித்தது அதன் பிறகுதான்.

அந்நிய சர்க்கார் இருந்த காலத்தில் இது அடங்கலில் ஏறுகிற பயிராகவே இருந்தது. சென்னை ராஜதானியில் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும், அன்றைய கிருஷ்ணா ஜில்லாவில் தக்குபாடு என்ற கிராமத்திலும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு கஞ்சா பயிரிட்டார்கள். விளைந்ததைச் சர்க்கார் கண்காணிப்பில் கிடங்கில் சேர்த்து, தீர்வை கட்டி, ஏலம் எடுத்த கடைகளில் விற்றார்கள். இப்படிச் சர்க்காரே பங்குதாரராயிருந்து நடந்த வியாபாரத்தைப் பற்றி லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழுந்ததன் பேரில், 1893-இல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. மாக்வொர்த் யங் என்பவர் அதன் தலைவர். ஏழு பேர் கொண்ட அந்தக் கமிஷன் ஊர் ஊராகச் சுற்றி, 1,193 சாட்சிகளிடம் கேட்டறிந்து, 1894-இல் மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதிற்று. மிதமாக உபயோகிப்பதால் பெருந்தீங்கில்லை, அடியோடு தடுக்க வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் சாராம்சம். இந்திய அங்கத்தினர்கள் மூவரில் இருவர் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதி வைத்தனர்.

இந்த அறிக்கையை இன்று சிலர் பெரிய ஞான நூல்போல் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் நேர்மையாக ஆராய்ந்த பகுதிகள் பல உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், கள்ளிலும் சாராயத்திலும் கஞ்சாவிலும் வரும் வருமானத்தைக் கொண்டு கஜானாவை நிரப்பிய ஒரு சர்க்கார், 'வரி போட்டால் போதும்' என்ற முடிவைக் கேட்டு வருத்தப்பட்டிருக்குமென்று நாம் நம்பவில்லை. ராஜாஜி முதல் மந்திரியாயிருந்து 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, போதைச் சரக்குகளையும் சேர்த்தே சட்டம் செய்தார். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்திலும் 47-ஆம் ஷரத்து, மருந்துக்குத் தவிர மற்றெதற்கும் மதுவும் போதைச் சரக்கும் கூடாதென்பதை லட்சியமாக வைத்தது. பிறகு 1961-இல் உலக தேசங்கள் கூடிச் செய்த ஒப்பந்தம் வந்தது. பரம்பரையாக வழங்கும் கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த இருபத்தைந்து வருஷ அவகாசம் அதில் இருந்தது. இலை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. பாங்கு தப்பியது அதனால்தான். அவகாசம் முடியுமுன் 1985-இல் இந்திய சர்க்கார் போதைப் பொருள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வருஷம் நவம்பர் 14 முதல், அனுமதியின்றிக் கஞ்சாச் செடி ஒன்று வளர்ப்பதும் குற்றமாயிற்று. இன்றைய சட்டப்படி பத்து வருஷம் வரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கணக்கிலிருந்து அடித்த பயிர் நிலத்திலிருந்து போய்விட வேண்டும் அல்லவா? போகவில்லை. காட்டுக்குள் குடியேறிற்று.

ஏன் காடு என்று கேட்டால், பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டா நிலத்தில் இந்தச் செடி நின்றால் நிலத்துக்காரன் உடனே தகவல் சொல்ல வேண்டுமென்று 46-ஆம் பிரிவு சொல்லுகிறது. அவன் சொல்லாவிட்டால் கிராம அதிகாரியும் பஞ்சாயத்துக்காரரும் சொல்ல வேண்டுமென்று 47-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. உன் சாகுபடி நிலத்தில் நின்றது உன்னுடையதே என்று கோர்ட்டு ஊகித்துக்கொள்ள 54-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகையால் பட்டாவுள்ளவன் பயப்படுகிறான். ரிஸர்வ் காட்டுக்குப் பட்டா ஏது, சிட்டா ஏது? அங்கே நிற்கும் செடிக்குத் தகப்பன் பெயர் இல்லை. பக்கத்தில் எவன் நின்றுகொண்டிருக்கிறானோ அவனே தகப்பனாகிறான். பணம் போட்டவன் எப்போதாவது பக்கத்தில் நிற்பானா?

மலையின் மேற்கு ஓரத்தில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிக் கிளாவரை என்ற கடைசிக் கிராமம் இருக்கிறது. அதற்கப்பால் கேரளம். அந்தப் பக்கத்தில் வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களும், கடவரி, கம்பக்கல்லு முதலிய உள்ளடங்கிய காட்டுப் பகுதிகளும் உள்ளன. கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குப் போன பழைய ரஸ்தா 1990-இல் மூடப்பட்ட பிறகு இந்தப் பிரதேசத்தில் ஆள் நடமாட்டம் இன்னும் குறைந்தது. ஒரு ராஜ்யத்துப் போலீஸார் வந்தால் மறு ராஜ்யத்துக்குள் பத்தடி நகர்ந்துகொள்ளலாம். கடவரி, கம்பக்கல்லு என்ற பெயர்கள் அந்நாட்களில் பத்திரிகைகளில் அடிபட்டதெல்லாம் கஞ்சாத் தோட்டம் அழித்த செய்திகளில்தான். தெற்கே வருஷநாட்டு மலைக்கும் அதே கீர்த்தி. இடுக்கியில் விளைந்த சரக்குக்குத் 'தங்கம்' என்று செல்லப் பெயர் வேறு. அந்தப் பெயரையே வைத்து 2013-இல் மலையாளத்தில் ஒரு சினிமாப் படமும் வந்தது. தங்கம் யாருக்கு என்பதைப் பற்றிச் சினிமாக்காரர்களுக்குக் கவலையில்லை, நமக்கு உண்டு.

நம் மாணவனுடைய தகப்பனார் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் 1989-இல் முறிந்த பிறகு காப்பி விலை நிலைகொள்ளாமல் ஆடிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதல பாதாளத்துக்கே போயிற்று. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். அந்தச் சமயம் கீழே சமவெளியிலிருந்து ஒருவர் வந்து, முன்பணம் கொடுத்து, காட்டுக்குள் ஒரு குடிசையிலிருந்து காவல் காத்துத் தண்ணீர் விடவேண்டுமென்று அழைத்துப் போனார். மூன்று மாதம் வீட்டுக்கு வரவில்லை. நாலாவது மாதம் கையில் விலங்கோடு காட்டிலிருந்து இறங்கினார். பையன் அப்போது நம்முடைய எட்டாம் வகுப்பில் இருந்தான். இருபது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. பையன் பள்ளியை விட்டு நின்றதற்குக் காரணம் கேட்டு நாம் எழுதிய கடிதத்துக்கு அவன் பதில் எழுதவில்லை. வகுப்பில் கூட்டல் கணக்கில் கெட்டிக்காரன் என்பது மட்டும் நமக்கு ஞாபகம் இருந்தது.

தகப்பனார் உள்ளே இருந்தது ஐந்து வருஷம்.

"என்ன பயிர் என்று தெரியாமலா போனீர்கள்?" என்று இப்போது அவரிடம் கேட்டோம். கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றிற்று.

"தெரியாம என்ன, வாத்தியாரய்யா! வாசனையே சொல்லுமே. மூணு மாசக் கூலின்னு நெனச்சேன்" என்றார் அவர். சற்று நேரம் காப்பிக் காய்களைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "அனுப்பிச்சவர் பேரு நெசப் பேரு இல்லைங்கிறதே எனக்குக் கோர்ட்டிலேதான் தெரிஞ்சுது" என்றார்.

இதில் அவருடைய குற்றத்தை நாம் மறைக்க விரும்பவில்லை; அவரே மறைக்கவில்லை. நாம் சொல்வது இது: விதை வாங்கப் பணம் கொடுத்தவன் ஒருவன், சரக்கை எடையிட்டு வாங்குகிறவன் ஒருவன், பட்டணத்தில் பொட்டலம் போட்டு நம் பிள்ளைகளுக்கு விற்கிறவன் ஒருவன், இந்த மூவருக்கும் அந்தக் காட்டைப் பார்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. லாபம் மலையை விட்டு இறங்கிப் போகிறது. தண்டனை மலையிலேயே இருந்துவிடுகிறது. காட்டில் தேன் எடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் போகிற பளியர்களும் புலையர்களும் சந்தேகத்துக்கு முதலில் ஆளாகிறார்கள். அவர்களுக்குக் காட்டில் உரிமையுண்டென்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. தேடுதல் வேட்டை நடக்கும்போது அந்தச் சட்டத்தை யாரும் கையில் எடுத்துப் போவதில்லை.

காட்டுக்கு நேரும் கெடுதல் வேறு. சோலைக்குள் வெயில் விழ வேண்டுமென்று மரத்தை வெட்டுகிறார்கள். ஓடை நீரைத் திருப்புகிறார்கள். உரச் சாக்கையும் பூச்சி மருந்துப் புட்டியையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். யாருடைய நிலமும் அல்லாததைப் பேணுகிறவன் யார்? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடபகுதியில், சர்க்கார் காடுகளில் இப்படித் திருட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் எலிக்கு வைத்த விஷம், கீரியைப் போன்ற ஃபிஷர் என்ற அரிய பிராணிகளின் உடலில் ஏறி அவற்றைக் கொல்லுவதாக 2012-இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பணக்கார தேசத்திலேயே இந்தக் கதி. நம் பழனி மலையிலோ, ஏற்கெனவே சீகையும் யூகலிப்டஸும் தின்றது போக எஞ்சியிருக்கும் சோலை கொஞ்சந்தான். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்துச் சற்றேறக்குறைய 600 சதுர கிலோமீட்டரைக் காப்பில் வைத்திருக்கிறார்கள்.

இன்று தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி இந்த மலைகளில் விளைந்ததல்ல. கஞ்சாப் பயிரே இல்லாத ராஜ்யம் என்று தமிழ்நாட்டு சர்க்கார் சொல்லிக்கொள்கிறது. சரக்கு ஆந்திர-ஒடிஸா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் மோட்டாரிலும் வருகிறது. தமிழ்நாட்டுப் போலீஸார் 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' என்று பெயரிட்டுத் தேடத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஆந்திரப் போலீஸார் தங்கள் மலைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் செடியை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்த மலைகள் எவை தெரியுமா? 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு வில்லும் அம்புமாக வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற ரம்பா நாட்டைச் சேர்ந்த மலைகள். அன்றைய கலகத்துக்கு ஒரு முக்கிய காரணம், மலைவாசிகளைக் காட்டில் பயிர் செய்யவொட்டாமல் தடுத்த 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். 2022-இல் அந்த வீரரின் பெயரையே ஜில்லாவுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் இப்போது பத்திரிகைகளில் எந்தச் செய்தியோடு சேர்ந்து வருகிறதென்று பார்க்கும்போது, பள்ளிக்கூடத்தில் அவர் கதையைச் சொல்லிக் கொடுக்கிற நமக்கு நெஞ்சு கனக்கிறது. மலைவாசியின் நியாயமான பயிருக்கு வழியடைத்தால், அநியாயப் பயிருக்கு ஆள் தேடுகிறவனுக்கு வழி திறக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பண்ணைக்காட்டின் நியாயமான பயிர்கள் பட்ட பாடும் சிறிதல்ல. பழனி பஞ்சாமிர்தம் என்று நாமெல்லாரும் கையேந்தி வாங்கி நக்குகிறோமே, அதற்கு உரிய பழம் இந்தக் கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாட்சி மலை வாழை. தண்ணீர் வற்றிய பழம். நாளானாலும் அழுகாமல் தோல் சுருங்கி இனிக்கும். பஞ்சாமிர்தம் நாட்கணக்கில் கெடாமலிருப்பதில் அந்தப் பழத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் இந்த மலைகளில் 18,000 ஹெக்டேரில் அந்த வாழை நின்றது. முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சியால் பரவும் வைரஸ் நோய் அது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது. மருந்து கிடையாது, பிடுங்கி அழிப்பதே வைத்தியம். பதினெண்ணாயிரம் இரண்டாயிரமாகச் சுருங்கிற்று. வாழை போன இடத்தில் காப்பி வந்தது. காப்பிக்கு விலை போயிற்று. கமலா ஆரஞ்சு மரங்களும் நோய் கண்டு பட்டுப் போயின. அந்தக் காலத்துக் கொடைக்கானல் ஆரஞ்சைத் தின்ற பெரியவர்கள் இன்றும் நாகபுரிப் பழத்தை ஏளனமாகப் பார்க்கிறார்கள்.

தடியன்குடிசையில் விவசாயப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையமும், தாண்டிக்குடியில் காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நோயற்ற வாழைக் கன்றைத் திசு வளர்ப்பு முறையில் எடுத்துத் தந்தார்கள். விருப்பாட்சி வாழைக்கு 2008-இலும் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இலும் புவிசார் குறியீடு என்ற முத்திரை கிடைத்தது. முத்திரையால் வயிறு நிறையாது. என்றாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். ஒரு பயிர் பொய்த்தபோது அடுத்த பயிருக்குக் கன்றும் கடனும் காலத்தில் வந்து சேர்ந்தால், முன்பணத்தோடு கீழேயிருந்து வருகிறவனுக்கு ஒரு வேலையாள் குறைவான்.

கஞ்சாவையே மறுபடி அடங்கலில் ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட இந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே இடம் தருகிறது. உத்தராகண்ட ராஜ்யம் 2018-இல் அதற்கு அனுமதி கொடுக்கத் தொடங்கிற்று. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் கமிஷனில், மிகக் கொடிய சரக்குகளின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுப்பதற்கு ஆதரவாக 27 தேசங்களும் எதிராக 25 தேசங்களும் வாக்களித்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. மருந்துக்கு உதவுமானால் சர்க்கார் கண்காணிப்பில் விளையட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் சட்டைப் பையில் பொட்டலத்தைக் கண்டெடுத்து, அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு அவன் பெற்றோருக்காகக் காத்திருந்த அநுபவம் நமக்கு இருக்கிறது. அந்தப் பொட்டலத்துக்கு எந்தப் பிரிவிலும் இடம் கொடுக்க நமக்கு மனம் வராது.

பண்ணைக்காட்டில் பையன் அடங்கல் நகலைக் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது அவன் பையன் அல்ல. முப்பத்துமூன்று வயது ஆள், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். தாயாருக்குப் பாகமாக வந்த ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறான். நடுவில் நோயற்ற மலை வாழை அறுபது கன்று. மிளகுக் கொடி அந்தப் பருவத்தில் காய்த்துத் தொங்கிற்று. கூட்டல் கணக்கு மறக்கவில்லை. வியாபாரி சொன்ன எடையை நம் எதிரிலேயே இரண்டு தடவை திருத்தினான். தகப்பனார் வாசலில் காய வைத்த காப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். மேற்குக் காட்டுப் பக்கம் விறகுக்குக்கூட அவர் போவதில்லையாம்.

நகலில் இரண்டு தப்பு இருந்தது. தாயாரின் பெயரில் 'அம்மாள்' என்பது 'அம்மா' என்று விழுந்திருந்தது. பயிர்க் காலத்தில் காப்பி மட்டும் இருந்தது. மிளகும் வாழையும் விட்டுப் போயிருந்தன. கொடைக்கானல் தாசில்தாருக்கு மனு எழுத உட்கார்ந்தோம். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, பெரியவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"கமலாவையும் எழுதுங்க, வாத்தியாரய்யா. வேலி ஓரத்திலே நாலு மரம் நிக்குது."

"நாலு மரத்தையெல்லாம் கணக்கில் ஏற்றுவார்களா, அப்பா?" என்றான் பையன்.

"இருக்கிறதை எழுதறதுக்கு என்ன?" என்றார் அவர்.

நாலு கமலா மரம் என்று மனுவில் ஒரு வரி சேர்த்தோம்.